யாருக்கும் தெரியாத ஊசி

என் மகளுக்குச் சர்க்கரை நோய் என்று டாக்டர் சொன்னதும் நான் கேட்ட முதல் கேள்வி, "நாளைக்கு இவ கல்யாணத்துக்கு ஏதாவது தொந்தரவு வருமா?" என்பதுதான். அப்போது அவளுக்குப் பத்து வயது. அந்தப் பெண் டாக்டர் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "முதல்ல இன்னிக்கு அவ நல்லா ஆகட்டும் சார். கல்யாணத்தப் பத்தி அப்புறம் பேசலாம்" என்றார். என் மனைவி பக்கத்தில் நின்று அழுதுகொண்டிருந்தாள். அவள் அழுதது நோயைக் கேட்டா, என் கேள்வியைக் கேட்டா என்று இன்றுவரை நான் விசாரிக்கவில்லை.

அதற்கு முந்தைய மூன்று வாரங்களை நினைத்தால் என்னை நானே நாலு அறை அறைந்துகொள்ளலாம் போலிருக்கும். பிள்ளை பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடித்தாள். பள்ளியிலிருந்து வந்ததும் பையைப் போட்டுவிட்டுப் படுத்துக்கொண்டாள். இரண்டு நாள் படுக்கையை நனைத்துவிட்டாள். "பத்து வயசுல வெட்கமா இல்ல?" என்று கத்தினேன். மூன்றாம் முறை நனைந்தபோது அவளே பாயை மொட்டை மாடிக்குத் தூக்கிப் போய்க் காயப்போட்டுவிட்டு, நான் வேலைக்குக் கிளம்பும்வரை கீழே வரவில்லை. அவள் படிப்புக்குப் பயந்து நாடகம் ஆடுகிறாள் என்றுதான் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். மயங்கி விழுந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

நான் ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். கடைசல் இயந்திரத்தில் முடிந்து வரும் இரும்புப் பாகங்களை அளந்து பார்ப்பது என் வேலை. அளவு தலைமுடி அகலத்தில் பத்தில் ஒரு பங்கு கூடினாலும் திருப்பி அனுப்பிவிடுவேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று பிரிவில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் திருப்பி அனுப்ப முடியாத ஒன்று வாழ்க்கையில் வரும் என்று யாரும் எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

இனிமேல் தினமும் நான்கு ஊசி, காலம் முழுக்க என்றார்கள். ஊசி என்றால் பேனா மாதிரி ஒன்று. முனையைத் தோலில் வைத்து அழுத்த வேண்டும், அவ்வளவுதான். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கை அளக்கிற நான், அதை அவள் தோல் வரைக்கும் கொண்டுபோய்விட்டுத் திரும்ப எடுத்துக்கொண்டேன். மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்த மகள், பேனாவை என் கையிலிருந்து வாங்கி, நர்ஸ் காட்டிக்கொடுத்தபடி வயிற்றில் தானே வைத்து அழுத்திக்கொண்டாள். பிறகு, "அப்பா, நீங்க அந்தப் பக்கம் பாத்துக்கிட்டு ஒண்ணுல இருந்து பத்து வரைக்கும் எண்ணுங்க. அது போதும்" என்றாள். ஒரு மாதம் என் வேலை எண்ணுவது மட்டுமாகவே இருந்தது.

இரண்டு இட்லிக்கு எவ்வளவு மருந்து, மூன்று தோசைக்கு எவ்வளவு, மாம்பழம் ஒரு கீற்று என்றால் எவ்வளவு கூட்ட வேண்டும் என்பதெல்லாம் எங்களைவிட அவளுக்குத்தான் முதலில் பிடிபட்டது. விரலில் குத்திப் பார்க்கும் மீட்டரில் எண் அதிகமாக வந்தால் நான் தொழிற்சாலையில் கத்துவதுபோலக் கத்துவேன். "யாரு குடுத்தா உனக்கு பிஸ்கட்? சொல்லு!" ஒருநாள் அவள் மீட்டரை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஏன் என்று கேட்டதற்கு, "உங்க மூஞ்சியப் பாத்தாலே நம்பர் ஏறுதுப்பா" என்றாள். மனைவி சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். அன்றிலிருந்து மீட்டரைப் பார்க்கும் முன் முகத்தைச் சரிசெய்துகொள்ளப் பழகினேன்.

இத்தனை கற்றுக்கொண்டவன் ஒன்றை மட்டும் விடவில்லை. விஷயம் வெளியே தெரியக் கூடாது. பெண் பிள்ளை. சொந்தக்காரர்கள் நிறைய. ஒருவர் காதில் விழுந்தால் எங்கள் சொந்த ஊர் செய்யாறு வரைக்கும் போய்விடும். இன்னும் பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் வரன் பார்க்கும்போது யாராவது ஒருவர், "அந்தப் பொண்ணா, சின்ன வயசுலயே சுகர் ஆச்சே" என்று சொன்னால் போதும். அதனால் வகுப்பு ஆசிரியையைத் தவிர வேறு யாருக்கும் சொல்லவில்லை. அவரிடமும் யாருக்கும் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொண்டோம். மகளை உட்கார வைத்து, யாரிடமும் சொல்லக் கூடாது என்று நான்தான் சொன்னேன்.

"இது தப்பாப்பா?" என்று கேட்டாள்.

"தப்பெல்லாம் இல்லமா."

"அப்ப ஏன் சொல்லக் கூடாது?"

"சொல்லக் கூடாதுன்னா சொல்லக் கூடாது. அவ்வளவுதான்!" என்று கத்தினேன். பதில் இல்லாத இடத்தில் சத்தம் போடுவது எனக்குச் சுலபம். அவள் தலையாட்டினாள்.

தொழிற்சாலைக் குடியிருப்பில் எதையும் மறைப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. அங்கே யாரும் கதவைத் தட்டிவிட்டு வர மாட்டார்கள், வந்துவிட்டுத்தான் தட்டுவார்கள். ஃப்ரிட்ஜை அவரவர் வீட்டு ஃப்ரிட்ஜ்போலத் திறப்பார்கள். மருந்தை ஒரு டிபன் பாக்ஸில் போட்டுக் கறிவேப்பிலைக்கு அடியில் வைத்திருந்தோம். மாவு கேட்டு வந்த பக்கத்து வீட்டு அம்மா ஒருநாள் அதையும் திறந்துவிட்டார். "இன்னாமா இது, ஊசி மாரி கீது?" என்றார். என் மனைவி யோசிக்க நேரமில்லாமல், "அவருக்கு மூலம் அக்கா" என்று சொல்லிவிட்டாள். ஒரே வாரத்தில் எனக்கு மூலம் என்று குடியிருப்பு முழுக்கத் தெரிந்தது. பேருந்து நிறுத்தத்தில் ஒருவர் மூலத்துக்குத் துத்தி இலை நல்லது என்று விளக்கிச் சொன்னார். மகள் இரண்டு நாள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கும் ஒன்றும் வெட்கமாக இல்லை, அவள் பெயர் அடிபடாமல் இருந்தால் சரி என்றுதான் நினைத்தேன். என் வியாதியை ஊர் பேசினால் எனக்கு ஒன்றும் ஆகாது என்றால், அவள் வியாதியைப் பேசினால் மட்டும் என்ன ஆகும் என்று அப்போது யோசித்திருக்க வேண்டும்.

போன கோடையில் என் தங்கை மகனுக்கு மொட்டை அடித்துக் காது குத்தும் விழா வந்தது. தங்கை வீடு காட்டுப்பாக்கத்தில். பூந்தமல்லியில் ஒரு மண்டபம் பிடித்திருந்தார்கள். நான் தாய்மாமன், குழந்தையை என் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும். பட்டு வேட்டி, சீர்வரிசைத் தட்டு, மாலை என்று எனக்கு அன்று ராஜ மரியாதை. பதினொன்றரைக்குள் காது குத்தி முடித்து உடனே பந்தி என்று மைத்துனர் சொல்லியிருந்தார். காது குத்தாமல் பந்தி போடுவதில்லை என்பது எங்கள் பக்கத்து வழக்கம்.

பதினொரு மணிக்குப் பெண்கள் எல்லோரும் குழந்தையின் மொட்டைத் தலையில் சந்தனம் பூசுவதைப் பார்க்க மேடைக்குப் பக்கத்தில் கூடிவிட்டார்கள். பெண்கள் கழிப்பறைப் பக்கம் ஆளே இல்லை. இதைவிட்டால் நேரம் கிடைக்காது என்று எனக்குப் பட்டது. மகளைக் கூப்பிட்டேன்.

"இப்பப் போய்ப் போட்டுக்கிட்டு வந்துடு. யாரும் இல்ல."

"சாப்பாடு வந்துடுமாப்பா? இலை போட்டதும் போட்டுக்கறேனே."

"இலை போட்டா எல்லாரும் கை கழுவ வந்துடுவாங்க. போ, போ. அரை மணி நேரத்துல பந்தி."

ஊசி போட்டால் கால் மணி நேரத்தில் சாப்பிட வேண்டும். எனக்குத் தெரியாததா? தினம் நான்கு முறை அதைத்தானே செய்துகொண்டிருந்தோம். ஆனாலும் அன்றைக்கு ஊசிக்கு நேரம் பார்த்தது சாப்பாட்டை வைத்து அல்ல, கழிப்பறை காலியாக இருந்ததை வைத்து. அவள் போய்விட்டு வந்து தூரத்திலிருந்தே கட்டை விரலைத் தூக்கிக் காட்டினாள். நானும் பதிலுக்குக் காட்டினேன். மனைவி தாம்பூலப் பைகளுக்கு நடுவிலிருந்து, "பொண்ணு சாப்பிட்டாளா?" என்று சைகையில் கேட்டபோது, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கையைக் காட்டினேன்.

காது குத்துகிற ஆசாரி வரவில்லை. போரூர் சாலையில் வண்டி நகரவே இல்லை என்று போனில் சொன்னார். எனக்கு வந்ததே கோபம். "நல்ல நேரம் போனா திரும்பி வருமாய்யா? முன்னாடியே கிளம்ப வேண்டியதுதானே?" என்று மண்டபம் அதிரப் பேசினேன். தாய்மாமன் கோபப்படுகிறார் என்பதில் அங்கே எல்லோருக்கும் ஒரு திருப்தி, எனக்கும்தான். நடுவில் மகள் வந்து வேட்டியைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, எனக்கு ஒரு மாதிரி இருக்கு." போனைக் காதில் வைத்தபடியே, "ரெண்டு நிமிஷம்மா" என்று கையால் விலக்கினேன். அவள் நெற்றியில் வியர்வை இருந்தது. மண்டபத்தில் எல்லோருக்கும்தான் வியர்த்தது.

பன்னிரண்டேகாலுக்கு ஆசாரி ஓடி வந்தார். மடியில் மருமகனை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு காது ஆயிற்று. குழந்தை வீறிட்டு அழ, எல்லோரும் வாயால் சத்தம் போட்டு வேடிக்கை காட்ட, அந்த இரைச்சலுக்குள் கை கழுவும் பக்கத்திலிருந்து ஒரு குரல், "யாரு கொழந்த இது? விழுந்துட்டா பாருங்க!" என்றது. எனக்கு உடனே தெரிந்துவிட்டது. எழப் போனேன். "ஒத்தக் காதோட எழுந்திரிக்கக் கூடாது, உக்காரு, யாராவது போய்ப் பாப்பாங்க" என்று பின்னாலிருந்து ஒரு பெரியவர் தோளை அழுத்தினார். நான் உட்கார்ந்தேன். அரை நிமிஷம் இருக்கலாம். ஆனால் உட்கார்ந்தேன். அதைச் சொல்லாமல் இதை எழுதுவதில் அர்த்தமில்லை.

பிறகு எப்படி எழுந்தேன், குழந்தையை யாரிடம் கொடுத்தேன் என்று நினைவில்லை. அங்கே போனபோது கழிப்பறைக்கு வெளியே சுவரில் சாய்ந்து சரிந்து கிடந்தாள். கண் திறந்திருந்தது, பார்வை எங்கேயோ இருந்தது. பாவாடை சட்டையெல்லாம் வியர்வையில் நனைந்து உடம்பு வெடவெடவென்று ஆடியது. வலிப்பு என்று யாரோ சொல்லி, யாரோ ஒரு சாவிக் கொத்தை அவள் கையில் திணிக்கப் பார்த்தார்கள். அந்தக் கை ஏற்கெனவே மூடியிருந்தது. இன்னொருவர் சோடா கொண்டு வரச் சொன்னார். "வெயில்லதான், ஒண்ணுமில்ல, வெயில் மயக்கம்" என்று ஒரு குரல் சொல்லிக்கொண்டிருந்தது. அது என் குரல்.

பந்தி பரிமாறுகிற ஆள் ஒருவர், இடுப்பில் துண்டோடு கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்.

"தள்ளு தள்ளு, காத்து உடு. இன்னாத்துக்கு சாவிய குடுத்துகினு கீற நீ? சார், கொய்ந்தைக்கு சுகர் கீதா?"

நான் அவரைப் பார்த்தேன். அவருக்குப் பின்னால் என் அத்தைகள், சித்தப்பா மகன்கள், மைத்துனரின் ஆட்கள் என்று முப்பது முகங்கள்.

"சொல்லு சார்! எனுக்கும் கீது. இந்த மாரி வேர்த்துகினு நடுங்கனா அதான். கீதா இல்லியா?"

என் மகள் என் காலடியில் கிடக்கிறாள். ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மற்ற எதற்கும் எனக்கு வார்த்தை பஞ்சமாக இருந்ததில்லை.

"இருக்குண்ணா! சக்கரை கொண்டாங்க, சீக்கிரம்!" என்று கத்திக்கொண்டே என் மனைவி வந்து விழுந்தாள். அந்த மனிதர் சமையல்கட்டுக்கு ஓடினார். மனைவி மகளின் மூடிய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். உள்ளே குளுக்கோஸ் பாக்கெட் இருந்தது. எப்போதும் அவளிடம் இருக்கட்டும் என்று நாங்கள் கொடுத்து வைத்திருந்தது. பிரிக்கவே இல்லை. மனைவி அதைப் பல்லால் கிழித்து, பொடியை விரலில் தொட்டுக் கன்னத்தின் உட்புறம் தடவினாள். மறுபடி தடவினாள். விழுங்குகிறாள் என்று தெரிந்த பிறகு அந்த ஆள் கொண்டு வந்த சர்க்கரைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினாள். நான் விசிறிக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

பத்து நிமிஷத்தில் பார்வை திரும்பியது. எல்லோர் முன்னாலும் மீட்டரை எடுத்து இரண்டு முறை விரலில் குத்திப் பார்த்தோம். எண் ஏறிக்கொண்டிருந்தது. தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "என்கிட்ட கூடவா மறைப்ப? தெரிஞ்சிருந்தா அவளுக்கு முதல்ல ஒரு இலை போட்டிருக்க மாட்டேனா? காது என்னண்ணா பெரிய காது?" நான் பயந்தபடியே ஒரு பெரியம்மா, "பொட்டப் புள்ளைக்கா? ஐயோ, யாரு கட்டிக்குவா?" என்று உரக்கவே சொன்னார். ஒரு வருஷமாக எந்த வார்த்தைக்குப் பயந்து ஒளித்து வைத்தேனோ அந்த வார்த்தை வந்துவிட்டது. அதைச் சொல்லி முடிக்க அவருக்கு ஒரு மூச்சு நேரம்தான் ஆயிற்று. மகள் சர்க்கரைத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தாள். கேட்டாள் என்றுதான் நினைக்கிறேன்.

இரண்டாவது காதையும் நான்தான் மடியில் வைத்துக் குத்த வேண்டியிருந்தது. "கொழந்தய விட மாமன் கையில்ல நடுங்குது" என்றார் ஆசாரி. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

பந்தியில் அந்த ஆளே என் மகளுக்கு முதல் இலை போட்டு, சோற்றை வைத்துவிட்டு நகராமல் நின்றார். அவள் சாப்பிடச் சாப்பிட நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்கக் கூடாது என்று நினைத்தும் கேட்டுவிட்டேன்.

"கையிலதான் குளுக்கோஸ் இருந்துச்சே. ஏம்மா சாப்பிடல?"

"அங்க எல்லாரும் இருந்தாங்கப்பா. என்னான்னு கேப்பாங்க. அதான் பாத்ரூம் உள்ள போய்ச் சாப்பிடலாம்னு வரிசைல நின்னேன்." அப்பளத்தை ஒடித்தாள். "எனக்கு முன்னாடி ரெண்டு பேரு இருந்தாங்க."

என் இலையில் இருந்ததை நான் தொடவில்லை. அவள் எவ்வளவு நேரம் அங்கே நின்றாள் என்று கேட்கத் துணிவில்லை. உயிர் போகிற நேரத்தில் என் மகள் நான் சொன்ன பேச்சைக் கேட்டுக்கொண்டு வரிசையில் நின்றிருக்கிறாள். சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை என்று நான் பெருமையடித்துக்கொள்ளாத ஆள் கிடையாது.

பூந்தமல்லியிலேயே ஒரு டாக்டரிடம் காட்டிவிட்டு, சாயங்காலம் ஆட்டோவில் ஆவடிக்குத் திரும்பினோம். அவள் எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். ஆட்டோ பருத்திப்பட்டு ஏரியைத் தாண்டியது. பிறகு அவள் என் பக்கம் திரும்பி, "சாரிப்பா. எல்லாருக்கும் தெரிஞ்சிடுச்சு" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்தார், பார்க்கட்டும் என்று விட்டேன். "தப்பு என்னுதும்மா. இனிமே யார்கிட்ட வேணாலும் சொல்லு" என்றேன்.

"ஸ்கூல்லயுமா?"

"ஸ்கூல்லயும்."

"பஸ்ல, பக்கத்து வீட்டு ஆன்ட்டிகிட்ட?"

"எல்லார்கிட்டயும் சொல்லு. எங்க வேணாலும் ஊசி போட்டுக்கோ."

"அப்புறம் நீங்க திட்ட மாட்டீங்கல்ல?" என்றாள்.

மாட்டேன் என்றேன். சத்தியமாக மாட்டேன் என்று அவள் உள்ளங்கையில் அடித்தும் சொன்னேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு மெதுவாக அம்மா பக்கம் திரும்பினாள், நிஜமா என்று கண்ணால் கேட்பதற்கு.